எங்களுக்கு எட்டு, உனக்குப் பத்தரை

பூந்தமல்லி
15 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பி மஸூதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கையில் போனை வைத்துக்கொண்டு அக்கா எதற்கு மெயில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் குடும்பத்து 'டிப்போ' வாட்ஸப் குரூப்பில் எதைப் போட்டாலும் உன்னையும் தங்கை அலீனாவையும் முந்திக்கொண்டு அத்தா பார்த்துவிடுகிறார். தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால், நம் வீட்டுச் சமையலறையில் முணுமுணுப்பது கூடத்தில் கேட்கும். ஸ்கூலில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் கடிதம் இதுதான். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

விஷயம் இரண்டு. முதலாவது, எனக்கு ஹெர்னியா. தொப்புளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்கிறது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், செய்த பிறகு ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிசம்பரில் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். அந்த ஆறு வாரமும் நீ வந்து அத்தாவோடு இருக்க வேண்டும். உன் மச்சான் பைசல் காலை நாலரைக்குக் கம்பெனி வேனை எடுத்தால் இரவு எட்டுக்குத்தான் வீடு. ஞாயிறும் வண்டி உண்டு, புதன்கிழமைதான் விடுமுறை. அவரை நம்பி ஆகாது.

இரண்டாவது, நம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். எங்களுக்குக் காலை எட்டு, டொரண்டோவில் உனக்குச் சனிக்கிழமை இரவு பத்தரை, மெல்போர்னில் அலீனாவுக்கு ஞாயிறு மதியம். ஏப்ரலில் நீதான் இந்த நேரத்தைப் போட்டாய். இதை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்து ஏழு மணி ஆக்கிவிடலாமா? அத்தா சீக்கிரம் எழுந்துவிடுகிறார். உனக்கும் நேரத்தோடு முடியும். அலீனாவைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பகுதிநேர வேலைக்குப் போகும் பேக்கரியில் எப்போது கூப்பிட்டாலும் பின்பக்கம் ஓடிவந்து பேசிவிடுவாளாம். நீ சரி என்றால் போதும்.

ரேஷ்மாவையும் பிள்ளைகளையும் பார்த்து மாதக்கணக்காகிறது. எப்போது பார்த்தாலும் உன் முகமும் பின்னால் ஒரு மஞ்சள் சுவரும்தான். கால்மணி நேரம் ஆனதும் எங்கோ ஒரு மணி அடிக்கிறது, நீ 'சரி அத்தா' என்று எழுந்துவிடுகிறாய். வீட்டில் டுடோரியல் நடத்துகிறாயா?

அன்புடன்,
ஷாகிதா


டொரண்டோ
18 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

வ அலைக்கும் ஸலாம். ஹெர்னியா என்று படித்ததும் பயந்துவிட்டேன். இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை? நல்ல சர்ஜனாகப் பார். இப்போதெல்லாம் சின்னத் துளை போட்டு முடித்துவிடுகிறார்கள், இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம். உனக்குத் துணையாக ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்துகொள். அந்தச் செலவு என்னுடையது.

ஆனால் நான் எதற்கு வர வேண்டும் என்றுதான் புரியவில்லை. அத்தாவுக்கு பார்க்கின்சன் இருப்பது எனக்குத் தெரியாதா? நான்கு வருஷமாகக் கை நடுங்குகிறது, மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் போன ஞாயிறு பார்த்தேனே. வெள்ளைச் சட்டை, தொப்பி, மழமழவென்று ஷேவ் செய்த முகம். தானாக எழுந்து போய் அலமாரியிலிருந்து டீ கிளாஸை எடுத்து வந்து 'பாத்தியாடா, ஒரு சொட்டு சிந்தல' என்று காட்டினார். அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தபோது எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று வரிசையாக ஒப்பித்தார். எழுபத்து மூன்று வயதில் வேறு என்ன வேண்டும்? ஓய்வு உனக்குத்தான் தேவை. அவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறார்.

டிசம்பரில் எனக்கு லீவ் கிடைக்காது. வருஷக் கடைசி, வேலை அதிகம்.

கால் நேரத்தை மாற்ற முடியாது அக்கா. பத்தரை என்றால் பத்தரைதான். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வர அந்த நேரம் ஆகிவிடுகிறது. அந்த மணி பக்கத்து வீட்டுக்காரருடையது. சுவர் மெலிசு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மஸூத்


பூந்தமல்லி
24 செப்டம்பர் 2025

அன்புள்ள மஸூத்,

பிள்ளைகள் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார்கள் என்று போன ரமலானில் ரேஷ்மாதான் பெருமையாகச் சொன்னாள். ஆறு மாதத்தில் வளர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஏழு மணி வேண்டாம். ஏழேகால்? அதுவும் முடியாதென்றால் காலை பத்தேமுக்கால். அத்தாவுக்கு அதுவும் ஒத்துவரும். உனக்கு நடுராத்திரி தாண்டிவிடும், ஆனால் மறுநாள் ஞாயிறுதானே? இல்லாவிட்டால் எங்களுக்கு மாலை ஆறேமுக்கால், உனக்கு ஞாயிறு காலை ஒன்பதேகால். அலீனாதான் தூக்கத்தில் எழுந்திருக்க வேண்டும், சின்னப் பெண், சரி என்றுவிட்டாள். மூன்று நேரம் கொடுத்திருக்கிறேன். உலகத்தில் எந்த டைம் கீப்பரும் இவ்வளவு இறங்கி வரமாட்டார். எட்டு மணி மட்டும் வேண்டாம்.

ஏன் என்று கேட்காதே. கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

நீ சொன்ன மாதிரி ஆள் வைக்காமல் இல்லை. ஆகஸ்டில் சுப்பராயன் என்று ஒருவர் வந்தார், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் பதினைந்து வருஷ அனுபவம். இரண்டாம் நாள் பஸ் கிடைக்காமல் இருபது நிமிடம் தாமதம். அத்தா அவரை வாசலிலேயே நிறுத்தி, 'இருவது நிமிசம் லேட்டு. ட்ரிப்பு கேன்சல், நீ போலாம்' என்றார். மனிதர் சிரித்துவிட்டு உள்ளே வரப் பார்த்தார். அத்தா சிரிக்கவில்லை. நம் அத்தாவுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தவர்கள் மனிதர்களே இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ அவரைப் பார்ப்பது வாரத்துக்குக் கால்மணி நேரம். வாரத்தில் மீதி நேரமும் இருக்கிறது தம்பி. டிசம்பரில் வா.

ஷாகிதா


டொரண்டோ
3 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் காரணம், முதலில் எழுதியதைக் கோபத்தில் எழுதி அழித்துவிட்டேன்.

'மீதி நேரமும் இருக்கிறது' என்கிறாய். நான் இங்கே ஜாலியாக இருக்கிறேன், நீ மட்டும் அங்கே சிலுவை சுமக்கிறாய் என்கிற மாதிரி. என் கண்ணால் பார்ப்பதைத்தானே நான் நம்ப முடியும்? போன வாரம் அவர் பேசியதை ரெக்கார்ட் செய்து இங்கே ஒரு நண்பனுக்குக் காட்டினேன். அவன் அப்பாவுக்கும் இதே நோய். 'உங்கப்பா ராஜா மாதிரி இருக்கார், எங்கப்பா படுக்கையை விட்டு எழுந்து ஒரு வருஷம் ஆச்சு' என்றான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நீ அதையும் பிடுங்கப் பார்க்கிறாய்.

டிசம்பர் முடியாது. ஆபரேஷனை அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று டாக்டரைக் கேள். மே மாதம் கட்டாயம் முயற்சி செய்கிறேன்.

நீ கொடுத்த மூன்று நேரமும் எனக்கு ஆகாது. காரணம் கேட்காதே என்று நீ சொன்னாய், நானும் அதையே சொல்கிறேன்.

இன்னொன்று. நவம்பர் இரண்டாம் தேதி இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். போன வருஷம் நான் என் பக்கம் மாற்றிக்கொண்டேன், உங்கள் நேரம் மாறவே இல்லை. இந்த வருஷம் என்னால் மாற்ற முடியாது, எனக்குப் பத்தரைதான். அதனால் நவம்பர் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்களுக்குக் காலை ஒன்பது மணி. குரூப்பில் போட்டால் அத்தா 'நேரத்த மாத்த நீ யார்ரா' என்று ஆரம்பிப்பார். நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அலீனாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

மஸூத்


பூந்தமல்லி
22 அக்டோபர் 2025

மஸூதுக்கு,

ஆபரேஷன் டிசம்பர் பத்தாம் தேதி. தள்ளிவைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி உன்னை வா என்று கேட்கமாட்டேன்.

தீபாவளிக்கு மாடி வீட்டு சாவித்திரி அம்மா கொடுத்த முறுக்கை அத்தா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

ஒன்பது மணி விஷயம் படித்தேன்.

ஷாகிதா


டொரண்டோ
9 நவம்பர் 2025

அக்கா,

நான்கு முறை கூப்பிட்டுவிட்டேன். எடுக்கமாட்டேன் என்கிறாய். 'அத்தா தூங்குகிறார், பயப்படாதே' என்று ஒரு வரி போட்டால் ஆயிற்றா?

அவருக்கு என்ன ஆயிற்று? பக்கவாதமா? ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்களா இல்லையா? திரை திறந்ததும் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே வெள்ளைச் சட்டை, அதே தொப்பி. ஆனால் முகத்தில் ஒரு அசைவு இல்லை. 'அத்தா' என்றேன். என்னைப் பார்த்தாரா இல்லையா என்றே தெரியவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போனது, நீ தோளால் முட்டுக்கொடுத்தாய். வாயோரம் எச்சில் வழிந்தது. நீ துடைத்தாய், ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி துடைத்தாய். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அலீனா அழ ஆரம்பித்துவிட்டாள். நீ மட்டும் ஒன்றுமே பேசாமல் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு இருந்தாய்.

ஒரு வாரம் முன்னால் நன்றாக இருந்த மனிதர் அக்கா. ஒரே வாரத்தில் இப்படியா?

தயவுசெய்து பதில் எழுது.

மஸூத்


பூந்தமல்லி
11 நவம்பர் 2025

அன்புள்ள மஸூத்,

அத்தாவுக்குப் புதிதாக ஒன்றும் ஆகவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை பார்த்தவர்தான் ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் நம் வீட்டில் இருக்கும் அத்தா. நீ இத்தனை மாதம் பார்த்தவர் ஒரு மணி நேரம் மட்டும் வந்து போகிறவர்.

முழுக்கச் சொல்கிறேன். மாத்திரை உள்ளே போய் முக்கால் மணி நேரத்தில் வேலை செய்யும். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் பழைய டைம் கீப்பர் உஸ்மான் கனி. நடப்பார், கிண்டல் செய்வார், என்னை அதட்டுவார். அது இறங்கினால் கை கால் மரக்கட்டை, குரல் கிடையாது. அடுத்த மாத்திரை வரை அப்படியேதான். தினமும் காலை ஆறு, பத்து, இரண்டு, மாலை ஆறு. நான் உனக்குக் கொடுத்த மூன்று நேரத்தையும் இப்போது எடுத்துப் பார், விளங்கும்.

உன் எட்டு மணிக்கு ஆறு மணி மாத்திரை இறங்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு மணி மாத்திரையை ஏழேகாலுக்குத் தள்ளினோம். இது அத்தா போட்ட திட்டம். ஏப்ரலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'புள்ளைங்க பாக்கசொல்லோ நான் ஷோக்கா இருக்கணும். நீ எதுவும் சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணு' என்றார். சத்தியம் செய்தேன்.

அப்படியானால் காலை எழுந்ததிலிருந்து எட்டு வரை அவர் எப்படி இருப்பார்? இரவு முழுக்க மாத்திரை இல்லாத உடம்பு. அந்த உடம்பைத்தான் ஏழு மணிக்குள் குளிப்பாட்டி, ஷேவ் செய்து, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைப்பேன். மற்ற நாளெல்லாம் மாத்திரை வேலை செய்யும்போது அவரே பாதி ஒத்துழைப்பார். ஞாயிற்றுக்கிழமை முழு பாரமும் என் இடுப்பில், வயிற்றில். 'அப்படி எதைத் தூக்கினீர்கள்?' என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் தம்பிக்குப் பதினைந்து நிமிடம் தூக்கினேன் என்று சொல்ல முடியுமா?

இப்போது கேள். ஒன்பது மணி என்று நீ எழுதியதை நான் அத்தாவிடம் சொல்லவில்லை. மறந்து அல்ல. வழக்கம்போல ஏழேகாலுக்கு மாத்திரை கொடுத்தேன். வழக்கம்போல எட்டுக்கு ஜம்மென்று உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. எட்டு ஐந்து ஆனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'அங்க டைம் மாத்திட்டாங்களாம் அத்தா, இனிமே ஒம்போதுக்குத்தான்' என்றேன். 'ஒனக்கு முன்னாடியே தெரியுமா?' என்றார். தெரியும் என்றேன். உள்ளே போய்ப் படுக்க மறுத்துவிட்டார். எட்டேமுக்காலுக்கு இறங்க ஆரம்பித்தது. போன் அடித்தபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். 'எடுக்காத' என்றார். நான் எடுத்தேன்.

சத்தியத்தை வாயால் மீறவில்லை, ஆனால் மீறிவிட்டேன். அது தெரிந்தேதான் செய்தேன். என்னால் முடியவில்லை மஸூத். அவர் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. மாத்திரை வேலை செய்கிற நேரத்திலும் பேசவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கப்போவதில்லை.

ஏனென்றால் எனக்கும் ஒன்று விளங்கவில்லை. அத்தாவை அந்தக் கோலத்தில் பார்த்தாய். அலீனா அழுதுகொண்டு இருக்கிறாள். அந்த மணி அடித்தது. நீ எழுந்து போய்விட்டாய். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். நான் கேமராவைப் பார்த்துக்கொண்டு இருந்தது நீ போன பிறகும்தான்.

ஷாகிதா


டொரண்டோ
13 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏழேகால், எட்டு, எட்டேமுக்கால் என்று நீ எழுதியதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அந்த ரெக்கார்டிங்கை நண்பனுக்குக் காட்டினேன் என்று பெருமை அடித்தேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த மணிச் சத்தத்துக்கு வருகிறேன். பக்கத்து வீடு, மெலிசுச் சுவர் எல்லாம் பொய்.

மார்ச் கடைசியில் என் கம்பெனியில் எங்கள் டீம் முழுவதையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் ரேஷ்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பிறகு ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. பெட்டிகளை ஸ்கேன் செய்து ஓடும் பெல்ட்டில் ஏற்றும் வேலை, மாலை ஷிப்ட், சனிக்கிழமையும் உண்டு. பத்தரையிலிருந்து பத்தேமுக்கால் வரை எங்களுக்கு இடைவேளை. நீ பார்க்கிற மஞ்சள் சுவர் சாப்பாட்டு அறையின் சுவர். சீருடைக்கு மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். மணி அடித்து இரண்டு நிமிடத்தில் பெல்ட் பக்கத்தில் நிற்காவிட்டால் பெயரை எழுதிக்கொள்வார்கள். மூன்று முறை எழுதினால் வேலை போய்விடும். எனக்கு ஏற்கனவே இரண்டு ஆகிவிட்டது.

அத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து ஓடினேன் அக்கா. ஷிப்ட் முடியும் வரை எத்தனை பெட்டி ஏற்றினேன், எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் ரேஷ்மாவிடம் சொல்லி அழுதேன்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தா பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் 'எம் புள்ள கனடாவுல கம்ப்யூட்டர்ல கீறான்' என்று சொல்லி வளர்த்த பிள்ளை. பழைய மாதிரி வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட்டேன். தயவுசெய்து அவரிடம் சொல்லாதே. இருக்கிற நிலையில் தாங்கமாட்டார்.

நேற்று அலீனாவோடு பேசினேன். நீ வருகிறாயா என்று அவளிடம் கேட்க வேண்டும் என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை, பார்த்தாயா? அங்கே இப்போதுதான் கோடை, யுனிவர்சிட்டி பிப்ரவரி வரை விடுமுறை. 'நீங்க ரெண்டு பேரும் என்னை இன்னும் அஞ்சாங்கிளாஸ்னு நினைச்சுட்டு இருக்கீங்க' என்று ஒரு மணி நேரம் திட்டினாள். டிசம்பர் ஐந்தாம் தேதி வந்து, ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு வாரம் இருக்கிறாள். என் சூப்பர்வைசரிடம் கேட்டேன். ஜனவரியில் வேலை குறைவு, சம்பளம் இல்லாமல் இரண்டு வாரம் தருகிறார்கள். ஆறாம் தேதி நான் அங்கே இருப்பேன். ஆறு வாரம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைத் தள்ளாதே. எப்படி இருக்கிறாரோ அப்படியே உட்காரட்டும். பேசாவிட்டால் பரவாயில்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மஸூத்


பூந்தமல்லி
17 நவம்பர் 2025

அன்புள்ள தம்பி மஸூதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை பைசலிடம் மட்டும் படித்துக் காட்டினேன். அவர் வேனில் தினமும் ஏற்றி இறக்குவது ஷிப்டுக்குப் போகும் ஆட்களைத்தானே. 'பெட்டி தூக்கறது கேவலமா? மச்சான் ஏன் இத்தனை மாசம் மூச்சு விடல?' என்று வருத்தப்பட்டார். நானும் உன்னைத் திட்டியதற்கெல்லாம் இப்போது வருத்தப்படுகிறேன். டுடோரியல் என்று கேலி செய்ததற்குக்கூட.

அத்தாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று காலை ஆறு மணிக்கே மாத்திரை கொடுத்தேன். சட்டையை எடுத்து வந்தபோது கண்ணாலேயே வேண்டாம் என்றார். பனியன், லுங்கி, இரண்டு நாள் தாடியோடு உட்கார்ந்ததை நீயும் பார்த்தாய். ஒன்பது மணிக்கு உடம்பு இறங்கியிருந்தது. அலீனா ஏதோ பேக்கரி கதை சொன்னாள், நீ கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது நன்றாக இருந்தது. முதல் முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வயிறு வலிக்கவில்லை.

பிறகு அந்த மணி அடித்தது. நீ எழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, மூன்றாவது முறை எழுதிவிடுவார்களே என்று. அத்தா முன்னால் எப்படிச் சொல்வது? அப்போதுதான் அவர் உதடு அசைய ஆரம்பித்தது. 'என்ன அத்தா, தண்ணியா?' என்று நீ கேட்டாய். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. 'தலையணை வைக்கட்டுமா அத்தா?' என்று அலீனா கேட்டாள். அதுவும் இல்லை. உன் பக்கத்தில் யாரோ அதட்டிக் கூப்பிட்டார்கள், நீ ஓடினாய். இரண்டு நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தாய் அல்லவா? அவர் என்ன சொல்ல வந்தார் என்று நேற்று இரவு குரூப்பில் கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகுதான் சொல்லி முடித்தார். காதை வாயருகில் வைத்துக் கேட்டேன். 'பெல்லு அட்ச்சிட்சி. அவன ஓட சொல்லு' என்றார்.

பத்து மணி மாத்திரை கொடுத்து, அது வேலை செய்கிற வரை காத்திருந்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

'இன்னா பெல்லு அத்தா?' என்றேன்.

'எஸ்டேட்டு பஸ் ஸ்டாண்டுல முப்பது வர்சம் குந்திகினு இருந்தவன் நானு, சுத்தி பூரா கம்பெனிங்க. ஊட்டுல அடிக்கிற பெல்லுக்கும் கம்பெனில அடிக்கிற பெல்லுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? கால் மணி பிரேக்கு. ரெண்டாவது ஷிப்டு.'

'எப்பலேர்ந்து தெரியும்?'

'மொத வாரமே தெரியும்.'

'அப்ப ஏன் அவன கேக்கல?'

'அவன் சொல்லலியே' என்றார். பிறகு, 'நான் இப்டி கீறேன்னு தெரிஞ்சா இருக்கற வேலையும் உட்டுட்டு ஓடியாந்துடுவான். அவன் பிரேக்குல சாப்புடாம எனக்கோசரம் வந்து உக்காந்துகினு கீறான். நான் ஒரு சட்ட போட்டுகினு உக்கார மாட்டனா?' என்றார்.

நான் அழுதேன் மஸூத். ஏழு மாதமாக அவருடைய கௌரவத்துக்காகத்தான் அவரைத் தூக்கிச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் உன்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்கு என் வயிறும் கொஞ்சம் செலவாகியிருக்கிறது என்று இப்போது அவருக்கும் தெரியும். அலீனா வரும் வரை ஆள் வேண்டும் என்று அவரே சுப்பராயனைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். அவர் இன்று காலை சரியாக ஏழுக்கு வந்து நின்றார், பத்து நிமிடம் முன்பே வந்து தெருமுனையில் காத்திருந்தாராம்.

இனி பத்தரை மணியைப் பற்றி நீ கவலைப்படாதே. இடைவேளையில் முதலில் சாப்பிடு. சாப்பிட்டுக்கொண்டே கூப்பிடு, சீருடையோடே உட்கார். மணி அடித்தால் உடனே ஓடு, நாங்கள் தவறாக நினைக்கமாட்டோம்.

ஜனவரி ஆறாம் தேதி உன் விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று எழுது. உன் ஊர்க் கணக்கில் எழுதாதே, எங்கள் கடிகாரப்படி எழுது. அத்தா இப்போதே நேரம் கேட்கிறார், அதற்கேற்ப மாத்திரை போடலாமா என்று சுப்பராயனிடம் விசாரிக்கிறார். அதெல்லாம் கூடாது என்று அதட்டி வைத்திருக்கிறேன். விமானம் தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று வேண்டுமென்றே கேட்டேன். கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்:

'லேட்டானா இன்னா? வரட்டும். நான் இங்கதான கீறேன்.'

அன்புடன்,
ஷாகிதா